ஸ்கேனில் தெரியாத அடி

மூளையதிர்ச்சியில் மண்டையோடு உடைவதில்லை, மூளைக்குள் இரத்தம் கட்டுவதில்லை. மூளை வேலை செய்யும் விதம் மட்டும் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ குழம்பிப்போகிறது. அடி தலையில்தான் விழ வேண்டும் என்றில்லை. நெஞ்சிலோ தோளிலோ பலமாக மோதி, அந்த உலுக்கல் கழுத்து வழியாகத் தலைக்கு ஏறினாலும் போதும். மயங்கி விழ வேண்டும் என்றுமில்லை. விளையாட்டில் மூளையதிர்ச்சிக்கு ஆளாகிறவர்களில் நினைவு தப்புகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. சி.டி. ஸ்கேன் எடுத்தால் படம் சுத்தமாக வரும். இரத்தம் இல்லை, மயக்கம் இல்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பிள்ளை மறுநாளே பந்தும் மட்டையுமாக வெளியே இறங்கிவிடுகிறது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளில் பெரும்பகுதி, அந்த மறுநாளைப் பற்றியதுதான்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஏறினால் வரும் ரிவர்ஸ்டன், இந்த விஷயத்தை வைத்துப் பார்க்கப் பொருத்தமான இடம். நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் முகடு அது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டில் நக்கிள்ஸும் அடங்கும். விடுமுறை நாட்களில் ஏறி வருகிறவர்களில் இளவட்டங்கள் ஏராளம்: மோட்டார் சைக்கிள் கூட்டம், வேன் பிடித்து வரும் டியூஷன் வகுப்பு, கூடாரமும் கித்தாருமாக வரும் பல்கலைக்கழகப் பட்டாளம். வளைவுகளில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டுமே தெரியும். உச்சியில் நிற்கும் கோபுரத்துக்குப் போகும் பாதையில் காற்று ஆளையே தள்ளும். சேர எல்ல நீர்வீழ்ச்சியின் பின்பக்கம் போகும் வழி ஓயாத ஈரம். பிட்டவல பத்தனையில் மெல்லிய மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் பாறைத் தட்டு. மழை பெய்தால் கால் நிற்காது.

இங்கே ஒரு பிள்ளை விழுந்து தலையை மோதிக்கொண்டால், கீழே ரத்தோட்டையில் வைத்தியசாலை உண்டு; அதற்கும் கீழே மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை; மூளைச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் கண்டி தேசிய வைத்தியசாலை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆனாலும் மலைப்பாதைக்கு உரிய நேரத்தை அது எடுக்கத்தான் செய்யும். அதுவரை பிள்ளையைச் சோதிக்க வேண்டியவர் வைத்தியரல்ல. உடன் வந்த நண்பன், வகுப்பு ஆசிரியை, வேன் சாரதி. அவர்கள் கேட்கும் கேள்வியும் எடுக்கும் முடிவும் சரியாக இருந்தால் மிச்சம் தானாக நடக்கும்.

மலை ஏறினால்தான் அடிபடும் என்றில்லை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் வழுக்குமரமும் உண்டு, உயரத்தில் கட்டிய மரத்தில் உட்கார்ந்து அடித்துக்கொள்ளும் தலையணைச் சண்டையும் உண்டு. எல்லே ஆட்டத்தில் ஓடுகிறவரைப் பந்தால் எறிந்துதான் ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும். தோட்டப்புறங்களில் கொய்யா மரமும் லயத்துக் கூரையும் இருக்கவே இருக்கின்றன. பக்கத்துக் கண்டியில் பாடசாலை ரக்பி ஒரு மதம் மாதிரி. கொழும்பு ரோயலும் கண்டி டிரினிட்டியும் 1945 முதல் மோதும் பிரட்பி கேடயப் போட்டிக்கு ஊரே திரளும். பிள்ளைகளின் தலைக்காயத்துக்கு உலகெங்கும் முதற்காரணங்கள் விழுதலும் வீதி விபத்தும்தான். ஆனால் மூளையதிர்ச்சி ஆய்வு விளையாட்டு வீரர்களைச் சுற்றியே வளர்ந்தது. காரணம் எளியது: மைதானத்தில் அடிபட்ட நிமிடம் தெரியும், பார்த்த சாட்சி நூறு பேர் உண்டு, அதே ஆள் அடுத்த வாரமும் அதே இடத்தில் அகப்படுவார். கொய்யா மரத்திலிருந்து விழுந்தவனுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அவனுக்குரிய பாடத்தையும் ரக்பிக்காரனிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

மண்டைக்குள் நடப்பது

பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் அயூப் ஓமயாவும் தோமஸ் ஜெனரெல்லியும் 1974இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. குரங்குகளின் தலையை நேர்கோட்டில் மட்டும் உலுக்கியபோது அவை மயங்கவில்லை. அதே வேகத்தில் சுழற்றி உலுக்கியபோது மயங்கின. மாத்தளைப் பக்கத்து எருமைத் தயிர்ச்சட்டியை மேசையில் தள்ளினால் தயிர் கலங்காது, சட்டியை வெடுக்கென்று திருகினால் விளிம்பு விட்டுப் போகும் அல்லவா, ஏறக்குறைய அப்படி. தலை சட்டென்று திரும்பும்போது மூளையின் ஒரு படலம் இன்னொன்றிலிருந்து இழுபடுகிறது. நீண்ட நரம்பிழைகள் முறுக்கிக்கொள்கின்றன. கழுத்துத் தசை முற்றாத வளரிளம் வயதினருக்கு இந்தத் திருகல் எளிதில் ஏறும். வைத்தியர்கள் நெற்றியில் புடைத்த வீக்கத்தைவிட, அடிபட்ட விதத்தைத் துருவித் துருவிக் கேட்பதற்கு இதுவே காரணம்.

இழைகள் இழுபட்டதும் நரம்பணுக்களின் சுவரில் கசிவு ஏற்படுகிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது, கல்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிப்படுத்த அணுக்கள் குளுக்கோசைத் தாறுமாறாக எரிக்கின்றன. அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் இரத்த ஓட்டமோ குறைகிறது. தேவை கூடி, வரவு குறைந்து, சில நாட்களில் மூளையின் சக்திச் செலவே மந்தமாகிவிடுகிறது. கலிபோர்னியாவின் கிறிஸ்தோபர் கிசாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001இல் தொகுத்துக் காட்டிய இந்தச் சங்கிலி, ஸ்கேனில் ஏன் எதுவும் தெரிவதில்லை என்பதற்கும் பதில். சி.டி. ஸ்கேன் உடைப்பையும் இரத்தக்கட்டையும் காட்டும். அணு எவ்வளவு குளுக்கோஸ் எரிக்கிறது என்பதைக் காட்டாது.

இந்த மந்த நாட்களில் விழும் இரண்டாவது அடி, முதலாவதைவிடச் சிறியதாக இருந்தாலும், மூளையைச் சடுதியாக வீங்கச் செய்து உயிரைக் குடித்த நிகழ்வுகள் உண்டு. 1984இல் இதற்கு இரண்டாம் மோதல் நோய்க்குறி என்ற பெயர் வந்தது. மிக அரிதானது, முதல் அடி இல்லாமலேயே இப்படி வீங்கலாம் என்று வாதிடும் நிபுணர்களும் உண்டு. ஆனால் பதிவான நிகழ்வுகளில் இறந்தவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதினரும் இளைஞருமே. கனடாவின் ஒட்டாவாவில் 2013 மே மாதம், பாடசாலை ரக்பி அணித் தலைவியான 17 வயது ரோவன் ஸ்டிரிங்கர் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்தார். தனக்கு மூளையதிர்ச்சியோ என்ற ஐயம் அவருக்கே இருந்தது. தோழியரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறார். பெரியவர்கள் காதுக்கு எட்டவில்லை. மரண விசாரணை 49 பரிந்துரைகளைத் தந்தது. 2018இல் ஒண்டாரியோ மாகாணம் அவர் பெயரிலேயே சட்டம் இயற்றியது.

கேள்விகளால் ஆன சோதனை

இரத்தப் பரிசோதனையோ படமோ முடிவு சொல்லாத ஒரு நோயை எப்படி அளப்பது? 2001இல் வியன்னாவில் கூடிய நிபுணர் குழு அந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. 2004இல் பிராக் நகரக் கூட்டத்தில் ஒரே தாளில் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து ஸ்காட் என்ற கருவியை உருவாக்கினார்கள். சூரிச், பெர்லின் என்று கூட்டத்துக்குக் கூட்டம் அது திருத்தப்பட்டது. 2022 ஒக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய ஆறாவது மாநாட்டின் முடிவுகள் 2023இல் வெளிவந்தபோது, 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஸ்காட் 6, 8 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்குச் சிறுவர் ஸ்காட் 6, மருத்துவப் பயிற்சி இல்லாதவருக்கென ஒரு பக்க அடையாளத் தாள் என மூன்றாகப் பிரிந்து நின்றது.

ஸ்காட் 6ஐ முறையாகச் செய்ய வைத்தியருக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். தலைவலி, தலைச்சுற்று, வெளிச்சம் கூசுதல், எரிச்சல், மந்தம் என 22 அறிகுறிகளுக்கு அடிபட்டவரே 0 முதல் 6 வரை புள்ளி போட வேண்டும். பிறகு பத்துச் சொற்களை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், மூன்று முறை. எண்களை அடுக்கிச் சொன்னால் பின்னிருந்து முன்னாகச் சொல்ல வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து ஜனவரி வரை இறக்க வேண்டும். சிறுவர் தாளில் மாதங்களுக்குப் பதில் கிழமைகள். அடுத்தது சமநிலை. இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடி, இரு கால் சேர்த்து, பிறகு ஒற்றைக் காலில், பிறகு குதிகாலும் விரலும் ஒட்ட, ஒவ்வொரு நிலையிலும் 20 வினாடி. கை இடுப்பை விட்டாலும் கண் திறந்தாலும் கால் தடுமாறினாலும் ஒரு பிழை. தரையில் ஒட்டிய 3 மீட்டர் நாடா மேல் அடிமேல் அடி வைத்துப் போய்த் திரும்புவது இன்னொன்று. கடைசியாக, குறைந்தது ஐந்து நிமிடம் கழித்து, முன்பு சொன்ன அந்தப் பத்துச் சொற்களையும் மறுபடி கேட்பார்கள். அறையில் நன்றாகத் தெரிந்த பிள்ளை பலவேளை இங்கேதான் சறுக்குகிறது.

இதைப் பிட்டவல பத்தனையின் சரிவில் செய்து பார்ப்பது வீண் வேலை. அந்தக் காற்றில் அடிபடாதவனும் ஒற்றைக் காலில் நிற்க மாட்டான். மலையில் செய்யக்கூடியது அந்த ஒரு பக்கத் தாளில் இருப்பதுதான், அதன் உயிர்நாடி நினைவுக் கேள்விகள். அடிபட்டவனிடம் நம்மவர்கள் முதலில் கேட்பது "உன் பேர் என்ன, இது எத்தனை விரல்" என்பதைத்தான். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களை வைத்து மடொக்ஸ் என்பவரும் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கேள்விகளால் பெரிய பயன் இல்லை என்று காட்டியது. பெயரும் பிறந்த தேதியும் ஆழத்தில் பதிந்தவை. மூளை கலங்கினாலும் அவை கலங்குவதில்லை. எந்த மைதானம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாரோடு என்ற அண்மை நினைவுக் கேள்விகளே அகப்படுத்தின. ரிவர்ஸ்டனில் அவற்றை இப்படிக் கேட்கலாம்: இப்போது எங்கே நிற்கிறோம்? காலையில் எங்கே நிறுத்திச் சாப்பிட்டோம்? இங்கே வருவதற்கு முன் எந்த இடம் பார்த்தோம்? விழுவதற்குச் சற்று முன் உன் பக்கத்தில் நின்றது யார்? ஒரு பதில் பிசகினாலும் மலையேற்றம் அன்றைக்கு அவ்வளவுதான். பதில் எல்லாம் சரியாக இருந்து, முகம் வெளிறி, கண் வெறித்து, நடை தள்ளாடினாலும் முடிவு அதேதான்.

உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய குறிகள் வேறு. கழுத்து வலி, வலிப்பு, இரட்டையாகத் தெரிதல், கைகால் மரத்தல் அல்லது பலமிழத்தல், வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம், வர வரக் கூடும் தூக்கக் கலக்கம் அல்லது முரட்டுத்தனம். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. பயிற்சி பெற்றவர் வரும்வரை தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இளைஞர் பயணங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: போத்தல் திறந்த கூட்டத்தில் ஒருவன் உளறி, தள்ளாடி, வாந்தியெடுத்தால் "ஏறிவிட்டது" என்று போர்வையைப் போர்த்திப் படுக்கவைத்துவிடுவார்கள். விழுந்ததை யாராவது பார்த்திருந்தால், அவன் குடித்திருந்தாலும் குடிக்காதவனாகவே கணக்கில் எடுக்க வேண்டும். விழுந்தவனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்குவதையும் அனுமதிக்கலாகாது. கண்ணும் கையும் ஒத்துழைக்கும் வேகம் குறைந்திருப்பது அவனுக்கே தெரியாது.

வீட்டு வைத்தியங்களில் காயத்தில் கோப்பித்தூள் அப்புவது பழைய பழக்கம். அது காயத்தை அழுக்காக்குவதோடு எலும்பு அமுங்கியிருப்பதையும் மறைக்கும். அடிபட்ட பிள்ளையை விடியவிடியத் தூங்க விடாமல் உலுக்குவது இன்னொன்று. அந்தப் பயத்துக்குப் பின்னால் உண்மை இல்லாமலில்லை: மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் கசியும் சில காயங்களில் ஆள் முதலில் தெளிவாக இருந்து, சில மணி நேரம் கழித்துச் சாய்வதுண்டு. அதற்கான மருந்து விழித்திருப்பதல்ல, யாராவது பக்கத்தில் இருப்பது. வைத்தியர் பார்த்துவிட்ட பிள்ளை தூங்கலாம், தூக்கம் தேவையும்கூட. வலிக்குப் பனடோல் போதும். ஆஸ்பிரினும் இபுபுரோபெனும் ஆரம்ப நாட்களில் தவிர்க்கப்படுவது, கசிவு இருந்தால் அதைக் கூட்டிவிடும் என்ற எச்சரிக்கையால்.

யாருக்கு ஸ்கேன்?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதில் சொல்ல உதவும் மிகப் பெரிய ஆய்வு 2009இல் லான்செட் இதழில் வந்தது. வட அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 42,412 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு, பெக்கார்ன் விதிகள் என்ற பெயரில் இன்று உலகெங்கும் புழங்குகிறது. இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைக்கு நினைவுத் தெளிவு முழுமையாக இருந்து, மயக்கம், வாந்தி, கடும் தலைவலி, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்ததற்கான குறி எதுவும் இல்லாமல், அடிபட்ட விதமும் பயங்கரமாக இல்லாவிட்டால், உயிருக்கு ஆபத்தான மூளைக்காயம் இருக்கும் வாய்ப்பு 2,000இல் ஒன்றுக்கும் குறைவு. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கதிர்வீச்சால் கெடுதலே தவிரப் பயனில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் இலேசான தலைக்காயத்துக்கு வழமையாக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. வைத்தியர் ஸ்கேன் வேண்டாம் என்றால் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சில மணி நேரம் வார்டில் வைத்துப் பார்ப்பது பலவேளை ஸ்கேனைவிட நல்ல சோதனை.

ஸ்கேன் வேண்டாம் என்றானபின் மிஞ்சும் அந்தக் கேள்விச் சோதனைக்கும் ஒரு பலவீனம் உண்டு: அது மொழியில் தங்கியிருக்கிறது. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளை, சிங்களத்தில் கேட்கும் கேள்வியை மனதுக்குள் மொழிபெயர்த்துவிட்டுத் தாமதமாகப் பதில் சொல்லும். தாமதமான பதிலே மூளையதிர்ச்சியின் ஓர் அறிகுறி. அம்மாவோ தாதியோ வீட்டு மொழியில் கேட்டால் இந்தக் குழப்பம் தீரும். இதன் மறுபக்கமும் ஆபத்தே: உண்மையாகவே மந்தப்பட்ட பிள்ளையை மொழி தெரியாததாக எண்ணி அனுப்பிவிடலாம்.

ஸ்காட் தாள் அடிபட்ட முதல் 72 மணி நேரத்துக்கு உரியது. போகப் போக அதன் கூர்மை குறையும். அதற்குப் பிந்திய நாட்களுக்கென்று ஆம்ஸ்டர்டாம் குழு வைத்தியரின் அறையில் செய்யும் இன்னொரு சோதனைத் தொகுப்பைத் தந்தது. படுத்திருந்து எழும்போது இரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது, கழுத்து எவ்வளவு திரும்புகிறது, தலையை அசைத்தபடி பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்த முடிகிறதா, தூக்கம் எப்படி, மனம் எப்படி என்று அது விரிந்து போகிறது.

இருட்டறையிலிருந்து வெளியே

மூளையதிர்ச்சிக்கு ஓய்வே மருந்து என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. திரையை மூடு, புத்தகத்தைப் பூட்டு, அறிகுறி முழுதாகப் போகும்வரை கட்டிலை விட்டு இறங்காதே. அறிவுக்குப் பட்ட ஆலோசனைதான். ஆனால் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அமெரிக்காவின் மில்வோக்கியில் டேனி தோமஸும் குழுவினரும் 11 முதல் 22 வயதுக்காரர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வும் மற்றவர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வும் சொன்னார்கள். 2015இல் வந்த முடிவு பலரைத் தூக்கிவாரிப் போட்டது: ஐந்து நாள் படுத்தவர்களே அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள், மெதுவாகத் தேறினார்கள்.

பிறகு வந்தது பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜோன் லெடியின் ஆய்வு. அவருடைய முறை நடைப்பொறியில் தொடங்குகிறது. பிள்ளை சாதாரண நடை வேகத்தில் நடக்க, ஒவ்வொரு நிமிடமும் பொறியின் சரிவை ஒரு படி உயர்த்துவார்கள். தலைவலியோ தலைச்சுற்றோ கூடத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, அப்போதைய இதயத் துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள். துடிப்பு 140இல் அறிகுறி கூடியது என்றால் அதன் 80 சதவீதம், அதாவது 112. அந்தத் துடிப்பைத் தாண்டாமல் தினமும் 20 நிமிட நடை அல்லது சைக்கிள், அதுவே மருந்துச்சீட்டு. 13 முதல் 18 வயதுவரையான 103 வீரர்களில் செய்து 2019இல் வெளியான சோதனையில், இப்படி நடந்தவர்களுக்குத் தேற எடுத்த இடைநிலைக் காலம் 13 நாள். தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள். 2021இல் வேறு 118 பேரில் செய்தபோதும் 14 நாள், 19 நாள் என்று வித்தியாசம் அப்படியே நின்றது. நான்கைந்து நாள் மிச்சம் பெரிதா என்று கேட்கலாம். கைகால் உலர்ந்து கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும், தவணைப் பரீட்சைக்கு நாள் எண்ணும் பெற்றோருக்கும் அது பெரிதுதான். ரத்தோட்டை வீதிகளில் நடைப்பொறி தேவையில்லை. ஏற்றத்தைச் சாலையே தருகிறது. மணிக்கட்டில் விரல் வைத்துத் துடிப்பு எண்ணத் தெரிந்தால் போதும். எவ்வளவு துடிப்பு என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காக அடிபட்ட அன்றே ஓட விடச் சொல்லவில்லை. முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டோடு இருந்து, அன்றாட வேலைகளை மட்டும் செய்துகொண்டிருப்பதே இன்றைய ஆலோசனை. அந்த இரண்டு நாட்களில் விலக்க வேண்டிய ஒன்று கைப்பேசி. மசாசூசெட்ஸில் 12 முதல் 25 வயதுவரையான 125 பேரில் நடந்த சோதனையில் (2021), முதல் 48 மணி நேரம் திரையைத் தொடாதவர்கள் இடைநிலையாக 3.5 நாளில் தெளிந்தார்கள்; திரை பார்த்தவர்களுக்கு 8 நாள். இரண்டு நாளுக்குப் பிறகும் கைப்பேசியைப் பூட்டி வைப்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் தேட முடியாது.

பாடசாலை விஷயத்திலும் எண்ணம் மாறியிருக்கிறது. கனடாவின் ஒன்பது சிறுவர் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 1,630 பேரைப் பின்தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வில், மூன்று நாளுக்குக் குறைவாகப் பாடசாலையைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வாரக் கடைசியில் அறிகுறிகள் குறைவாக இருந்தன. இலேசாக அடிபட்டவர்கள்தான் சீக்கிரம் திரும்பினார்கள் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. ஆய்வாளர்கள் அதைக் கணக்குப் போட்டுச் சரிக்கட்ட முயன்றிருக்கிறார்கள். பத்தாம் நாளுக்குள் நூற்றுக்கு 93 வீரர்கள் சிறப்புச் சலுகை எதுவும் இல்லாமல் முழு வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பது ஆம்ஸ்டர்டாம் குழுவுக்காகச் செய்த தொகுப்பாய்வின் கணக்கு. நம் ஊரில் பாடசாலையைவிடப் பாரமானது பிற்பகல் டியூஷன். காலை வகுப்பைத் தாங்கும் பிள்ளை, மூன்று மணிக்கு ஒலிபெருக்கி வைத்த மண்டபத்தில் நூறு பேரோடு உட்கார்ந்தால் தலை வெடிக்கும். முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான். பின்வரிசையில் இருந்து முன்வரிசைக்கு மாற்றுவது, மணிக்கொருமுறை எழுந்து போக விடுவது, பரீட்சையில் சற்றுக் கூடுதல் நேரம் என்பன காசு செலவில்லாத உதவிகள். சாதாரண தரமோ உயர்தரமோ நெருங்கும் ஆண்டில் பெற்றோர் இதற்கு இணங்குவது எளிதல்ல. ஆனால் புத்தகத்தை விரித்து அதே பக்கத்தை அரை மணி நேரம் வெறித்துக்கொண்டிருக்கும் பிள்ளை எதையும் படிக்கவில்லை.

மைதானத்துக்குத் திரும்புவது ஆறு படி. அன்றாட வேலை, இலேசான பின் மிதமான உடற்பயிற்சி, தனியாகச் செய்யும் விளையாட்டுப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, மோதலுள்ள முழுப் பயிற்சி, போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். முதல் மூன்று படிகளில் அறிகுறி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. பத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் கூடக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். நான்காம் படியில் கால் வைக்க எல்லா அறிகுறியும் போயிருக்க வேண்டும், வைத்தியரும் சரி சொல்ல வேண்டும். பெரியவர்கள் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தேற, பிள்ளைகளுக்கு நான்கு வாரம்வரை செல்லலாம். பிரித்தானிய அரசு 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, பொழுதுபோக்கு விளையாட்டு எதுவானாலும் 21 நாளுக்கு முன் போட்டி கூடாது என்று நேராகவே சொல்கிறது. மலையேற்றத்துக்குத் தனி விதி கிடையாது. ஆனால் விழும் வாய்ப்புள்ள எந்த வேலையும் மோதல் விளையாட்டுக் கணக்கில்தான் சேரும். ரிவர்ஸ்டனுக்கு மறுபடி ஏறுவது ஐந்தாம் படிக்குக் குறைந்ததல்ல.

நாலு வாரம் கடந்தும்

கனடாவில் ரொஜர் ஸெமெக் தலைமையில் 5 முதல் 17 வயதுவரையான 3,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு 28 நாளுக்குப் பிறகும் அறிகுறிகள் நீடித்தன. அவசர சிகிச்சைப் பிரிவுவரை வந்தவர்களைப் பற்றிய கணக்கு இது; வீட்டோடு ஆறிப்போனவர்கள் இதில் இல்லை. யாருக்கு நீடிக்கும் என்பதை முதல் நாளே கணிக்க 12 புள்ளி அளவுகோல் ஒன்றையும் அவர்கள் தந்தார்கள். பெண்பிள்ளை என்றால் 2 புள்ளி, 13 வயதோ அதற்கு மேலோ என்றால் 2, களைப்புக்கு 2. முன்பு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த மூளையதிர்ச்சி, ஒற்றைத் தலைவலி வரலாறு, தாமதமான பதில், சமநிலைப் பிழைகள், தலைவலி, சத்தம் பொறுக்காமை ஒவ்வொன்றுக்கும் 1. ஒன்பதும் அதற்கு மேலும் எடுத்த பிள்ளையை ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்காமல் விடலாகாது. பெண்பிள்ளைகளுக்கு ஏன் நீடிக்கிறது என்பதில் கழுத்துத் தசையின் பலம், ஹோர்மோன், அறிகுறியை மறைக்காமல் சொல்லும் இயல்பு என்று பல விளக்கங்கள் போட்டி போடுகின்றன.

நீடிக்கும் தலைச்சுற்றுக்கும் கழுத்து வலிக்கும் மாத்திரையைவிட இயன்மருத்துவம் கைகொடுக்கிறது. கல்கரியில் கேத்ரின் ஷ்னைடர் 2014இல் வெளியிட்ட சிறிய சோதனையில், கழுத்துக்கும் காதுச் சமநிலை உறுப்புக்கும் பயிற்சி பெற்ற 15 பேரில் 11 பேர் எட்டு வாரத்துக்குள் விளையாட அனுமதி பெற்றார்கள். வழமையான சிகிச்சை பெற்ற 14 பேரில் ஒருவர்தான். ஆள் தொகை குறைவு, ஆனால் இடைவெளி பெரிது.

அடிபட்டவரை அன்றே ஆட விடக் கூடாது என்ற எண்ணம் பெரியவர்களின் ஆட்டத்திலும் நுழைந்திருக்கிறது: சர்வதேச கிரிக்கெட்டில் மூளையதிர்ச்சிக்கு மாற்று வீரரை இறக்கும் விதி 2019 ஓகஸ்டில் வந்தது. இலங்கை மண்ணில் அது கண்ணெதிரே நடந்தது 2021 நவம்பரில், காலியில். முதல் டெஸ்ட் ஆடவந்த மேற்கிந்திய வீரர் ஜெரமி சொலோசானோ ஷோர்ட் லெக் இடத்தில் களத்தடுப்பில் நின்றபோது, திமுத் கருணாரத்ன அடித்த பந்து தலைக்கவசத்தில் பட்டது. படுக்கையில் தூக்கிச் சென்றார்கள். அவருக்குப் பதில் ஷை ஹோப் ஆடினார். இரண்டு ஆண்டுக்கு முன் கன்பராவில் அதே கருணாரத்ன பட் கமின்ஸின் பந்தில் அடிபட்டு வைத்தியசாலைக்குப் போய், மறுநாளே துடுப்பெடுத்தாட வந்தார். அன்று ஊர் அதை வீரம் என்று கொண்டாடியது.

தடுப்பைப் பொறுத்தவரை மென்தொப்பி அணிந்து ரக்பி ஆடுவதால் மூளையதிர்ச்சி குறைவதாக நல்ல சான்று இல்லை. காதும் தோலும் கிழியாமல் இருக்கும். பலன் தெரிந்தது எதிர்பாராத இடத்தில்: இங்கிலாந்துப் பாடசாலைகளில் 2017இல் வெளியான சோதனையில், கழுத்துப் பலப்படுத்தலும் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்த ஆயத்தப் பயிற்சியை வாரம் மூன்று முறையாவது செய்த அணிகளில் மூளையதிர்ச்சி 59 சதவீதம் குறைந்தது. மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் மண்டையோடு உடைவதையும் உயிர் போவதையும் தடுக்கும். தலை சுழல்வதை அது முழுதாகத் தடுப்பதில்லை. நாடாவைப் பூட்டாமல் போட்ட கவசம் விழும்போதே கழன்றுவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் உள்நுரை நசுங்கிப் போயிருக்கும், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதை மாற்ற வேண்டும்.